கடன்படத் தெரியாதவர்கள்

போன மாதம் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். என் நாவல் ஒன்றைப் படித்திருப்பதாகச் சொன்னார். நாவலைப் பற்றி இரண்டு நிமிஷமும், தாம் தனியே போய் வந்த புதுச்சேரிப் பிரயாணத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரமும் பேசினார். அதில் எனக்கு வருத்தமில்லை. நாவலைவிடப் பிரயாணம் சுவாரசியமானதுதான்.

"மூன்று நாளில் நாற்பது பேரோடு பழகிவிட்டேன், சார்! தனியாகப் போனால்தான் மனிதர்கள் கிடைக்கிறார்கள். அர்த்தமுள்ள உறவு என்பது என்ன என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது" என்றார்.

அந்த 'அர்த்தமுள்ள உறவு' என் காதில் கொஞ்சம் உறுத்தியது. உறவு என்றால் போதாதா? அதற்கு ஓர் அடைமொழி எதற்கு? இருந்தாலும் அதை விட்டுவிட்டு, ஒரு சின்ன விஷயம் கேட்டேன்.

"நீங்கள் தங்கியிருந்த இடத்தில் காலையில் உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தவர் பெயர் என்ன?"

அவர் யோசித்தார். கைப்பேசியை எடுத்துத் துழாவினார். "படம் இருக்கிறது, சார்" என்றார். படம் இருந்தது. மஞ்சள் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு வயதான மனிதர் சிரித்துக் கொண்டிருந்தார். பெயர்தான் இல்லை.

அந்தப் பிள்ளையைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. நல்ல பிள்ளை. முகம் கோணாமல் தம் குறையை ஒப்புக்கொண்டார். என் கோபமெல்லாம் அவருக்கு இந்த மந்திரத்தை உபதேசம் செய்து அனுப்பினவர்கள் மீது. இப்போது இது ஒரு புதிய மதம் மாதிரியே பரவிக்கொண்டிருக்கிறது. தனியே போ, எதிர்ப்படுகிறவரைப் பார்த்துச் சிரி, ஊர்க்காரர்களிடம் கேள்வி கேள், அவர்கள் கதையைக் காது கொடுத்துக் கேள், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு, உறவு தானாக மலரும் என்கிறார்கள். மலர்வதற்கு இதென்ன தோட்டக்கலையா?

நான் சொல்கிறேன்: இந்த உபதேசம் தப்பு. ஒரு மனிதன் தனியாகப் போவதால் அவனுக்கு மனிதர்கள் கிடைத்துவிடுவதில்லை. புறப்படும் முன்பே அறைக்குப் பணம் கட்டி, பஸ்ஸுக்குப் பணம் கட்டி, எந்தத் தெருவில் எந்தக் கடையில் எது நன்றாயிருக்கும் என்று கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்த ஊரில் யாருடைய தயவும் தேவையில்லை. தயவு தேவையில்லாதவனுக்கு எதற்காக ஒரு மனிதன் வேண்டும்? வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும்! கடற்கரையைப் பார்ப்பது மாதிரி, கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பது மாதிரி, அவன் மனிதர்களையும் பார்த்துவிட்டு வருகிறான். உறவு என்பது கடன்படுவதில் ஆரம்பிக்கிறது. கடன்படத் தெரியாதவன், கடன்பட வெட்கப்படுகிறவன், நாற்பது பேரை அல்ல, நாலாயிரம் பேரைச் சந்தித்தாலும் தனியாகத்தான் போனான், தனியாகத்தான் திரும்பினான்.

புதுச்சேரியை எடுத்துக்கொண்டே பேசுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களும் பஸ்களும் அந்த ஊரில் வந்து கொட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிப் போகின்றன. நடுவில் அவர்கள் பார்க்கிற புதுச்சேரி எது? ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட பகுதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வெள்ளை நகரம். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர்கள் இருந்த பகுதிக்குக் கறுப்பு நகரம் என்று பெயர். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் முடிந்தது. கவர்னர் போய், கொடி போய், சட்டமும் போயிற்று. வாய்க்கால் மட்டும் போகவில்லை! இன்றைக்கு வருகிற நம்முடைய தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் அந்த வாய்க்காலைத் தாண்டாமல், கிழக்கே உள்ள ஏழெட்டுத் தெருக்களுக்குள்ளேயே சுற்றிவிட்டு, "புதுச்சேரி மனிதர்களோடு பழகினோம்" என்கிறார்கள். அவர்கள் பழகினது பெரும்பாலும் தங்களைப் போலவே பெங்களூரிலிருந்து வந்த இன்னொரு பிள்ளையோடுதான்.

மேற்கே போனால் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? வைசியாள் தெரு பக்கம் போய்ப் பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் நிறுத்தி, ஓடு வேய்ந்த தாழ்வாரம். அதற்கு உள்ளே தள்ளி ஒரு திண்ணை. இந்தத் தாழ்வாரம் வீட்டுக்காரனுக்காகப் போட்டதல்ல. வழியே போகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கப் போட்டது. திண்ணையும் அப்படித்தான். முன்பின் தெரியாதவன் உட்காருவதற்கு வீட்டிலேயே ஓர் இடம் ஒதுக்கி வைத்துக் கட்டினார்கள். இன்றைக்குப் பல திண்ணைகளுக்குக் கம்பி அடித்துவிட்டார்கள். திருட்டுப் பயம் ஒரு காரணம். மோட்டார் சைக்கிள் நிறுத்த வேண்டியிருப்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம், அதில் வந்து உட்காரும் அளவுக்குக் களைத்த மனிதன் யாரும் இப்போது வருவதில்லை. களைத்தவன் காப்பிக் கடைக்குப் போய் இருநூறு ரூபாய் கொடுத்து உட்காருகிறான்.

இந்த ஊருக்கு வெளியூர்க்காரன் ஒருவனும் மனிதர்களும் சந்திப்பதற்கு நடுவில் ஆள் வைத்துக்கொள்வது புதிதல்ல. அந்தக் காலத்தில் அவருக்கு துபாஷி என்று பெயர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். துரைக்கும் ஊருக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒரு மனிதரின் கண் அது. துரைகள் அவர் மூலமாகத்தான் ஊரை அறிந்தார்கள். அதாவது, அறியவில்லை. அறிந்தவர் பிள்ளைதான். இன்றைக்கு அந்த உத்தியோகத்தைக் கைப்பேசி பார்க்கிறது. ஆனால் கைப்பேசி நாட்குறிப்பு எழுதி வைக்காது. ஆகையால் பிள்ளைக்குக் கிடைத்த லாபம்கூட நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

சரி, கடன்படுவதுதான் உறவு என்று நான் சொல்கிறேனே, அதற்குச் சாட்சி உண்டா? உண்டு. புதுச்சேரிக்குத் தனியாக வந்தவர்களில் மிகப் பெரிய மனிதர் ஒருவரே சாட்சி.

1908இல், 'இந்தியா' பத்திரிகை மீது சர்க்காரின் கை விழுந்தபோது, இருபத்தைந்து வயதுப் பத்திரிகைக்காரர் ஒருவர் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தார். மனைவி கூட வரவில்லை, பிறகுதான் வந்தார். கையில் ஓர் அறிமுகக் கடிதம் இருந்தது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் முதலில் இடம் கொடுத்தார். போலீஸ் மிரட்டியதும் பயந்துவிட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன்; குடும்பஸ்தன் பயப்படத்தான் செய்வான். ஆனால் நடுத்தெருவில் நின்ற அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கவும் ஊரில் ஆள் இருந்தது. குவளை கிருஷ்ணமாச்சாரி என்று ஒருவர். பணக்காரரல்ல; பிரபலஸ்தரல்ல. பாரதியார் அவருக்குக் கண்ணன் என்று பெயர் வைத்துத் தம் பாட்டிலேயே ஏற்றிவிட்டார். குவளைக் கண்ணனுடைய பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கு ஆரம்பம் அதுதான். இருக்க இடமில்லாத ஒருவருக்கு அன்றைக்கு அவர் ஒத்தாசை செய்தார், அவ்வளவுதான்.

பாரதியாரிடம் பேச்சுச் சாமர்த்தியம் இருந்தது, அதனால் சிநேகிதர்கள் சேர்ந்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் புதுச்சேரியில் இருந்த பத்து வருஷமும் ஊருக்குக் கடன்பட்டவராகவே இருந்தார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இன்று நினைவகம். இன்னொரு வீடு விளக்கெண்ணெய்ச் செட்டியாருடையது. வாடகை கேட்க வருகிற செட்டியார், பாட்டும் பேச்சும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டு, வாடகைப் பேச்சையே எடுக்காமல் போய்விடுவாராம். வ.ரா. எழுதிய 'மகாகவி பாரதியார்' புத்தகத்தில் இந்தச் செட்டியார் வருகிறார். முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியாருடைய தோப்பு ஒன்று இருந்தது. அந்தத் தோப்பில்தான் குயில் பாட்டுப் பிறந்தது என்று சொல்லுகிறார்கள். வீடு ஒருவருடையது, தோப்பு ஒருவருடையது. பாரதியாருடையது என்று ஊரில் என்ன இருந்தது? பாட்டு இருந்தது, அதை அவர் கொடுத்தார். வாங்கத் தெரிந்தவருக்குத்தான் கொடுக்கவும் தெரியும்.

வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வாலிபர் பாரதியார் பாட்டு ஒன்றைப் பாடினார். எழுதினவர் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது பாடினவருக்குத் தெரியாது. அந்த வாலிபர்தான் கனக சுப்புரத்தினம், பின்னால் பாரதிதாசன். இதைக் கவிஞர்கள் இருவரின் சந்திப்பு என்று கொண்டாடுகிறோம். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். வெளியூரிலிருந்து தப்பி வந்த மனிதர், போலீஸ் கண்காணிப்பில் இருக்கிறவர், உள்ளூர்க் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறார், போயும் இருக்கிறார்! கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள் என்றால் ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். நம் இளைஞருடைய நாற்பது பேரில் ஒருவராவது அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புவார்களா?

வ.ரா. தாமே பாரதியாரை முதல் முதல் பார்க்கப் போன கதையையும் எழுதியிருக்கிறார். போனவர் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பாரதியார் தம்மிடமிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, வந்தவரோடு இங்கிலீஷில் பேசும்படி சொல்லிவிட்டார். வ.ரா.வுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையிலிருந்துதான் அவர்களுடைய சிநேகம் ஆரம்பம். இன்றைய உபதேசிகளைக் கேட்டால், முதல் சந்திப்பில் எதிராளி மனம் கோணாமல் இனிமையாகப் பேச வேண்டும் என்பார்கள். இங்கே ஒருவர் மனம் கோண வைத்தார். இன்னொருவர் அதைப் பொறுத்துக்கொண்டு, பிறகு அவருடைய சரித்திரத்தையே எழுதினார்.

இனிமையான பேச்சைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாளில் புதுச்சேரியில் முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசி, குசலம் விசாரித்து, வீட்டுக் கதைகளைக் காது கொடுத்துக் கேட்பதிலேயே காலம் கழித்த ஒரு கூட்டம் இருந்தது. பிரிட்டிஷ் போலீசின் ஒற்றர்கள்! அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்தார், வ.வே.சு. ஐயரும் அதே வருஷம் வந்தார். அவர்களைச் சுற்றி ஒற்றர்கள் ஈயாய் மொய்த்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ ஒரு ஜாடியைப் போட்டு வைத்தார்கள். உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள். அவர்களே அதைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்துத் தப்பினார்கள். சிரிக்க வேண்டும், கேட்க வேண்டும், ஆர்வம் காட்ட வேண்டும் என்கிற விதிகளையெல்லாம் அந்த ஒற்றர்கள் ஒழுங்காக அனுசரித்தவர்கள்தாம். உறவு மலர்ந்ததா? எடுத்துக்கொண்டு போவதற்காக வருகிறவனின் சிரிப்பு எவ்வளவு இனித்தாலும், ஊர் அதை ஒரு நாள் கண்டுபிடித்துவிடும்.

"அவர் மகாகவி, ஐயா! அவருக்குத் தோப்பும் கிடைக்கும், வீடும் கிடைக்கும். சாதாரண மனிதனுக்கு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்பீர்கள். 1908இல் புதுச்சேரிக்காரர்களுக்கு அவர் மகாகவி என்று யார் சொன்னார்கள்? அது இருக்கட்டும். நான் மகாகவி இல்லை என்பதில் என் விரோதிகளும் நண்பர்களும் ஒரே அபிப்பிராயம் உள்ளவர்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்லுகிறேன்.

2011 டிசம்பர் கடைசி வாரத்தில், பாதியில் நின்ற ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகப் புதுச்சேரிக்குப் போனேன். ஒரு லாட்ஜில் ஐந்து நாளைக்குப் பணம் கட்டினேன். யாரும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காகவே அங்கே போனவன் நான். டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் வந்தது. அந்தச் சத்தத்தை இதுவரை நான் எழுதிப் பார்த்ததில்லை, எழுத வரவில்லை. விடிந்து வெளியே வந்தபோது தெருவில் மரங்கள் வேரோடு கிடந்தன. மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை. லாட்ஜ்காரர் வாடகை பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, "வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது: என் சட்டைப் பையில் பணம் இருந்தது, அதை வாங்கிக்கொள்ளுவதற்கு ஊரில் கடை இல்லை.

முத்தியால்பேட்டைப் பக்கம் நடந்துபோய், ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன். கம்பி அடிக்காத திண்ணை. பக்கத்திலே இட்லிக் கடை போடுகிற மேடை. அன்றைக்குக் கடை இல்லை. வீட்டு அம்மாள் வெளியே வந்து பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும்.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னேன்.

"சாப்பிட்டியா?"

இல்லை என்றேன். அந்த 'இல்லை' என் வாயிலிருந்து எளிதாக வந்துவிடவில்லை. சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லத்தான் முதலில் நாக்கு எழுந்தது. படித்தவனுக்கு அதுதான் பழக்கம். அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் எனக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் ஏற்பட்டிருக்காது. கஞ்சியும் துவையலும் வந்தன. சாப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுத்தேன்.

"வச்சுக்கோ. பணத்தை வச்சு இப்ப என்னா பண்றது? அந்தக் குடத்தை எடுத்துக்கினு என்கூட வா" என்றார்.

நாலு தெரு தள்ளி ஓர் அடிபம்பு. அங்கே நூறு குடம் வரிசையில் நின்றது. அவருடைய கணவர் முதுகு வலியால் குனிய முடியாதவர். மூன்று நாள் அந்த வீட்டுக்கும், அடுத்த இரண்டு வீட்டுக் கிழவிகளுக்கும் நான் தண்ணீர் சுமந்தேன். இரவில் அந்தத் திண்ணையிலேயே படுத்தேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தறி ஓட்டிய நாட்களைப் பற்றியும், விழுந்துபோன வேப்பமரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். நான் எழுத்தாளன் என்று சொன்னேன். "கணக்கா எழுதறீங்க?" என்றார். கதை என்றேன். "அப்போ எங்களுக்கும் ஒரு கடுதாசி எழுதுங்க" என்றார். எழுதுகிறேன் என்றேன். புறப்படுகிறபோது, "வர்றேன் அக்கா" என்றேன்.

இங்கே இன்னொரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கதையை ஒரு கூட்டத்தில் நான் சொன்னபோது, ஒரு பெண் எழுந்து, "நீங்கள் ஆண்பிள்ளை. முன்பின் தெரியாத திண்ணையில் நீங்கள் படுக்கலாம். நான் படுக்க முடியுமா?" என்று கேட்டார். நான் அவருக்குச் சமாதானம் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை. தனியாகப் போகிற பெண் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போவதும், கதவைத் தாழிட்டுக்கொள்வதும் சுயநலம் ஆகாது, அது எச்சரிக்கை. அலெக்ஸாண்ட்ரா டேவிட் நீல் என்ற பிரெஞ்சுக்காரி, பின்னாளில் 1924இல் திபெத்திலுள்ள லாசாவுக்கே போனவர், 1911இல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்தார். ஒரு மாலை நேரத்துப் பேச்சுதான். அதற்கே, அவர் சென்னைக்குப் போனதும் போலீஸ் அதிகாரி வந்து விசாரித்தார். ஒரே மாலையில் அவருக்குக் கிடைத்தது நமக்கு மூன்று நாளில் கிடைக்காததன் காரணம், அவர் வருஷக்கணக்கில் சமஸ்கிருதமும் பௌத்தமும் படித்துவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தார் என்பதே. திண்ணையில் படுக்க முடியாதவருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. தனக்கு ஒன்று தெரியவில்லை, அதைத் தெரிந்தவர் எதிரில் இருக்கிறார் என்று உணர்ந்து கேட்பதும் கடன்படுவதுதான். நேரம் போக்குவதற்காகக் கேட்கிற கேள்வி வேறு.

பெண் கேட்காத ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். அந்தத் திண்ணையில் உட்கார என் ஜாதி என்ன என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. புயல் அடித்திருந்தது; ஆகையால் கேட்கவில்லை. எல்லாத் திண்ணையும் எல்லோருக்கும் போட்டதல்ல என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்துத் தாழ்வாரத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள், அதில் ஒதுங்க முடியாமல் மழையில் நனைந்துகொண்டே போனவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும். பாரதியார் இதே ஊரில்தான் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டார். பூணூல் போட்டது சரியா, பூணூலையே அறுத்திருக்க வேண்டாமா என்று இன்றைக்குத் தர்க்கம் செய்யலாம், நானும் செய்வேன். ஆனால் அந்தக் காரியத்தால் தம் சொந்த ஜாதியில் தமக்கு என்ன நஷ்டம் வரும் என்று தெரிந்தே அவர் செய்தார். கனகலிங்கம் பிற்காலத்தில் 'என் குருநாதர் பாரதியார்' என்று புத்தகம் எழுதினார். நஷ்டத்துக்குத் துணிந்தவரைத்தான் ஒருவர் என் குருநாதர் என்பார். தனக்கு ஒரு காசும், ஒரு பொழுதும், ஒரு பெயரும் நஷ்டமாகாமல் கிடைக்கிற உறவு என்று ஒன்று இருந்தால், அதைக் கடையில் விற்பார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் இருக்கிறது. எல்லாவற்றிலும் கடுமையானது அதுதான். "ஏழை வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு வந்து கட்டுரை எழுதுகிறீரே, இதுவும் எடுத்துக்கொண்டு போவதுதானே? ஒற்றனுக்கும் உமக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். எங்கள் எழுத்தாளர் ஜாதிக்கு இந்த வியாதி உண்டு. போன இடத்தில் யாராவது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால் போதும். 'எளிய மனிதர்களின் ஈரம்' என்று எட்டுப் பக்கம் எழுதிச் சன்மானம் வாங்கிவிடுவோம். தண்ணீர் கொடுத்தவருக்கு அந்தப் பத்திரிகையின் ஒரு பிரதிகூடப் போகாது. கடன் வாங்குவது பாதி; திருப்பிக் கொடுப்பது பாதி. முதல் பாதியோடு நின்றுவிட்டவனை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் நின்றுவிட்டவன்.

நான் அந்த வீட்டுக்குக் கடிதம் எழுதவில்லை. நாவலை முடித்தேன், அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு புயல் வருகிறது. ஓர் அக்காள் வருகிறார். விமர்சகர்கள் அந்த அத்தியாயத்தைப் பாராட்டினார்கள். நாலு வரிக் கடிதம் எழுத எனக்கு நேரம் கிடைக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து, 2019இல், வேறு ஒரு காரியமாகப் புதுச்சேரிக்குப் போனபோது அந்தத் தெருவுக்குப் போனேன். திண்ணைக்குக் கம்பி அடித்திருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவருக்கு என் முகம் ஞாபகம் வரவில்லை. பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. எழுத்தாளன் என்றேன், அதற்கும் முகத்தில் ஒன்றும் இல்லை. புயலின்போது, என்று ஆரம்பித்தேன்.

"அடடே, தண்ணி தூக்கின தம்பியா!" என்றார். கம்பிக் கதவு திறந்தது.

பன்னிரண்டு புத்தகம் எழுதியிருக்கிறேன். அந்தத் தெருவில் எனக்கு இருக்கிற பெயர் அதுதான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உள்ளே சுவரில் அவர் கணவருடைய படம் மாலையோடு இருந்தது. மூன்று வருஷம் ஆயிற்று என்றார். பிறகு, குற்றம் சொல்லுகிற குரலே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "போன புதுசுல ரொம்ப நாளைக்குத் தபால்காரர் தெருவுல வந்தா எழுந்து நிப்பாரு. நம்ம தம்பி கடுதாசி போடுறேன்னு சொல்லிச்சே, வந்திருக்கான்னு கேப்பாரு."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? முதுகு வலிக்காரர் எழுந்து நின்றார் என்பதுதான் இன்றைக்கும் என்னைப் படுத்துகிறது. ஆகையால், நாற்பது பேரைச் சந்தித்துவிட்டு ஒரு பெயரையும் கொண்டுவராத அந்த இளைஞரைவிட நான் உயர்ந்தவன் என்று இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். அவர் யாரையும் வாசலில் எழுந்து நிற்க வைக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நிரபராதி. கடன்படாதவன் தனியன், கடன்பட்டுத் திருப்பாதவன் அதைவிடக் கெட்டவன்.

அந்த இளைஞரிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். அடுத்த தடவை நாற்பத்தொன்றாவது ஆளைத் தேடிக் கொண்டு வேறு ஊருக்குப் போகாதீர்கள், அதே புதுச்சேரிக்குப் போய், அந்தப் படத்தை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போய், காபி கொடுத்தவர் கையில் கொடுங்கள், பெயரைக் கேளுங்கள், அவர் வீட்டில் ஏதாவது வேலை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர் சரி என்றார். போனாரா என்று தெரியவில்லை.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடித்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்று இரவு முழுவதும் அந்த வீட்டுக்கு டெலிபோன் செய்து பார்த்தேன், கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் கிடைத்தது.

"அக்கா, எப்படி இருக்கீங்க? தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"தண்ணியா?" என்று அவர் சிரித்தார். "நடுவீட்டுல முழங்கால் மட்டும் இருக்குது. அன்னிக்கு நீ கொண்டாந்து ஊத்தினதெல்லாம் போதும். இன்னிக்கு வந்து மொண்டு வெளியில கொட்டு!"

பஸ் ஓட ஆரம்பித்த அன்று, ஒரு வாளியோடு நான் புறப்பட்டேன்.